காவலி வெங்கட இலட்சுமய்யா

காவலி வெங்கட இலட்சுமய்யா 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் வாழ்ந்த வரலாற்று ஆவணச் சேகரிப்பாளர் ஆவார். ஆந்திரத்தின் ஏலூருவைச் சேர்ந்தவர். தென்னிந்திய வரலாற்றைப் படிப்போர் ‘மெக்கன்சி சுவடிகள்’ என்ற பெயரைக் கேள்விப்படாமல் இருக்க முடியாது. அந்தச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர் ஊராகச் சென்று திரட்டிய குழுவை ஏறத்தாழ 18 ஆண்டுகள் நடத்தியவர் இலட்சுமய்யா. தொகுப்பு மட்டும் கர்னல் காலின் மெக்கன்சியின் பெயரால் வழங்குகிறது. மெக்கன்சியின் மறைவுக்குப் பின் அந்தப் பணியைத் தாமே தொடர விரும்பி அரசிடம் விண்ணப்பித்தார். அந்த விண்ணப்பம் எவ்வாறு மறுக்கப்பட்டது என்பது இந்திய வரலாற்றெழுதியலில் நினைவில் வைக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி.

குடும்பம்

காவலி குடும்பத்தினர் நியோகிப் பிராமணர்கள். ஆந்திரத்தில் நியோகிகள் என்போர் புரோகிதம் செய்யாமல் கணக்கு, எழுத்து, அரசு அலுவல் ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்டவர்கள். ஊர்க் கர்ணமாகவும் அரண்மனை எழுத்தராகவும் பல தலைமுறைகள் இருந்து வந்தவர்கள். ஆவணத்தைப் பார்த்தவுடன் அது தானப் பட்டயமா, வரிக் கணக்கா, பரம்பரை வரலாறா என்று பிரித்தறியும் பழக்கம் அவர்களுக்குக் குடும்ப வழியிலேயே உண்டு. ஆற்காட்டு நவாபின் ஆட்சியிலும் பின்னர் கும்பினி ஆட்சியிலும் இத்தகையோருக்குத் தேவை மிகுந்திருந்தது. தாய்மொழியோடு வடமொழி, பாரசீகம், மராத்தி, தமிழ், ஆங்கிலம் என்று பல மொழிகளைக் கையாளக்கூடியவர்கள் அவர்களிடையே இருந்தனர்.

இக்குடும்பத்துச் சகோதரர்களில் மூவர் வரலாற்றில் இடம்பெற்றுள்ளனர். மூத்தவர் காவலி வெங்கட போரய்யா, அடுத்தவர் இலட்சுமய்யா, மற்றவர் இராமசாமி.

மெக்கன்சியும் போரய்யாவும்

காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1754இல் பிறந்தவர். 1783இல் சென்னைக்கு வந்து கும்பினிப் படையில் சேர்ந்தார். வந்த புதிதில் மதுரையில் தங்கியிருந்தபோது இந்தியக் கணிதம், பழமை பற்றிய ஆர்வம் அவருக்கு ஏற்பட்டது. ஆனால் ஆர்வத்துக்கு வழி திறக்கவில்லை. ஒன்று போர், அடுத்தது இடமாற்றம், எல்லாவற்றுக்கும் மேலாக மொழி அறியாமை. முதல் 13 ஆண்டுகள் இப்படியே கழிந்தன என்று அவரே பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1796இல் இலங்கைப் படையெடுப்பிலிருந்து திரும்பிய பின்னர்தான் போரய்யாவின் தொடர்பு கிடைத்தது. அந்த இளைஞரின் வழியாகவே இந்திய அறிவின் வாயிலுக்குள் தாம் நுழைந்ததாக மெக்கன்சி அதே கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். மெக்கன்சி கடைசிவரை தென்னிந்திய மொழி எதையும் கற்றுத் தேறவில்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் படித்தால் பல விஷயங்கள் தெளிவாகும்.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின் மைசூர் நாட்டை அளந்து படம் வரையும் பொறுப்பு மெக்கன்சியிடம் வந்தது. அளவைக் குழு சென்ற இடமெல்லாம் போரய்யாவும் சென்றார். நிலத்தை அளக்கும் சங்கிலியோடு அந்த நிலத்தின் கதையைக் கேட்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. எந்தச் சாதியாரோடும் எந்தச் சமயத்தாரோடும் இணக்கமாகப் பேசித் தகவல் பெறும் திறமை போரய்யாவுக்கு இருந்தது. சமண சமயத்தார் ஒருவரிடம் கேட்டு அவர் மொழிபெயர்த்த சமணர் பற்றிய குறிப்பு, வங்காள ஆசியக் கழகத்தின் ‘ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ இதழின் 9ஆம் தொகுதியில் அவர் பெயருடனேயே வெளிவந்தது. அச்சில் அதைப் பார்க்க அவர் இல்லை. 1803இல் தமது 26ஆம் வயதில் காலமாகிவிட்டார்.

குழுத் தலைமை

போரய்யா விட்ட இடத்திலிருந்து இலட்சுமய்யா தொடர்ந்தார். அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி வேலைக்குச் சேர்ந்தார் என்ற அளவில் இதைப் பார்ப்பது சரியாகாது. போரய்யாவின் காலத்தில் அளவைக் குழுவோடு ஒட்டி நடந்த பணி, இலட்சுமய்யாவின் காலத்தில் தனியானதோர் ஆவணத் திரட்டாக வளர்ந்தது. சென்னையில் அவர் இருந்துகொண்டு வெவ்வேறு பகுதிகளுக்கு ஆட்களை அனுப்பினார். தமிழ்ப் பகுதிகளுக்கு நிட்டல நாயனா, தக்காணப் பகுதிகளுக்கு நாராயண ராவ், இன்னும் ஆனந்த ராவ், பாபு ராவ் எனப் பலர். பழங்கன்னட எழுத்துகளைப் படிப்பதில் தேர்ந்த தருமய்யா என்ற சமணப் பண்டிதரும் குழுவில் இருந்தார். இவர்கள் எங்கே சென்றனர், யாரைச் சந்தித்தனர், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அவ்வப்போது அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். அந்த அறிக்கைகளில் பல இன்றும் இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன.

மெக்கன்சி 1811 முதல் 1813 வரை ஜாவாவில் இருந்தார். அந்த ஆண்டுகளிலும் சென்னையில் பணி நிற்கவில்லை. கும்பினி அரசு இதற்கெனப் பெரிய நிதி எதையும் ஒதுக்கவில்லை. உதவியாளர்களின் சம்பளமும் சுவடிகளின் விலையும் பெரும்பாலும் மெக்கன்சியின் சொந்தப் பணம். அவர் 15,000 பவுனுக்கு மேல் செலவழித்ததாக அவருடைய நண்பரும் இலங்கையின் தலைமை நீதிபதியாக இருந்தவருமான அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் பின்னர் இலண்டனில் சாட்சியம் அளித்தார். இந்த வகையில் மெக்கன்சியின் பெயர் தொகுப்புக்கு இருப்பது நியாயமே.

என்ன திரட்டினார்கள்?

மாணவர்கள் பொதுவாகக் கல்வெட்டு, செப்பேடு என்ற இரண்டை மட்டுமே வரலாற்றுச் சான்றாக நினைப்பதுண்டு. இலட்சுமய்யாவின் குழு தேடியவை அதைவிடப் பலவகைப்பட்டவை. அரச குடும்பங்களும் பாளையக்காரர்களும் வைத்திருந்த வம்சாவளிகள், கோயில்களின் தலபுராணங்கள், மானியம் பெற்றவர்களிடம் இருந்த பட்டயங்கள், வருங்காலத்தைக் கூறுவதுபோல நடந்து முடிந்த அரசியலைக் கூறும் காலஞான நூல்கள், கர்ணங்களின் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வந்த ஊர்ப் பதிவேடுகள் ஆகியவை அவற்றுள் சில. தெலுங்கு நாட்டில் இந்த ஊர்ப் பதிவேட்டைத் ‘தண்டகவிலெ’ என்பார்கள்.

இவை எதுவும் இல்லாத ஊரில் பெரியவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதினார்கள். அப்படி எழுதப்பட்ட ஊர் வரலாறு ‘கைபீது’ எனப்பட்டது. ஊருக்குப் பெயர் எப்படி வந்தது, காடாக இருந்ததை வெட்டித் திருத்தியவர் யார், ஏரியை யார் வெட்டினார்கள், கோயிலை யார் கட்டினார்கள், எந்த அரசர் எந்த நிலத்தை யாருக்குக் கொடுத்தார், துருக்கர் படையெடுப்பில் என்ன ஆயிற்று, கும்பினி எப்போது வந்தது என்ற வரிசையில் அது செல்லும். புராணமும் நடப்பும் அதில் கலந்தே இருக்கும். ஒரு பத்தியில் இராமர் வந்து தங்கியிருப்பார். அடுத்த பத்தியில் விசயநகர அதிகாரி ஒருவர் கொடுத்த நிலத்தின் நான்கெல்லை பிசகாமல் எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் ஒருங்கே படிக்கத் தெரிந்தவருக்குத்தான் கைபீது பயன்படும்.

கல்வெட்டுகளைக் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டார்கள். தாளை ஒற்றி மைப்படி எடுக்கும் முறை பரவாத காலம் அது. ஆகவே அவர்களுடைய படிகளில் பிழைகள் உண்டு. எனினும் கோயில் திருப்பணியிலும் கட்டட வேலையிலும் பின்னாளில் மறைந்துபோன கல்வெட்டுகள் சிலவற்றுக்கு அந்தப் படிகளே எஞ்சிய சான்று. வி. ரங்காச்சாரியார் 1919இல் சென்னை மாகாணக் கல்வெட்டுகளுக்கு ஊர்வாரிப் பட்டியல் தயாரித்தபோது மெக்கன்சி சுவடிகளையும் சேர்த்துக்கொண்டார்.

ஊராரின் அச்சம்

ஓர் ஊருக்குள் நுழைந்து பழைய பட்டயத்தைக் காட்டு என்று கேட்பது அன்று எளிய செயல் அல்ல. கும்பினி ஆட்சி அப்போதுதான் நிலவரித் திட்டங்களை வகுத்துக்கொண்டிருந்தது. மானிய நிலங்களை ஆராய்ந்து, சான்று இல்லாதவற்றைப் பறிப்பார்கள் என்ற பேச்சு எங்கும் இருந்தது. இந்த நிலையில் துரையின் ஆள் ஒருவர் வந்து, உன் பாட்டனுக்கு இந்த நிலம் எப்படி வந்தது என்று கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? சிலர் பட்டயமே இல்லை என்றார்கள். சிலர் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று அலையவிட்டார்கள். அர்ச்சகர்கள் செப்பேட்டை வெளியே எடுக்க மறுத்தார்கள். கலெக்டரின் கடிதம் கொண்டுபோனால் தாசில்தார் மதிப்பார். ஆனால் அதே கடிதத்தைக் கண்டு ஊராருக்கு அச்சம் கூடிவிடும்.

இந்தச் சிக்கலை உதவியாளர்களின் அறிக்கைகள் மறைக்காமல் சொல்கின்றன. நாள்கணக்கில் தங்கி, பழகி, படியெடுத்ததும் மூலத்தைத் திருப்பிக் கொடுத்து, அந்தப் பெயரைக் கேட்டு அடுத்த ஊரார் நம்பி முன்வரும்வரை காத்திருந்துதான் இந்தத் தொகுப்பு வளர்ந்தது. ஊராரின் அச்சம் வீண் அச்சமும் அல்ல. நில அளவையும் வரலாற்று விசாரணையும் ஒரே அதிகாரியின் கீழ் நடந்தன என்பதை அவர்கள் சரியாகவே கவனித்திருந்தார்கள்.

மாமல்லபுரக் குறிப்பு

இலட்சுமய்யா மேற்பார்வையோடு நின்றவர் அல்லர். 1803ஆம் ஆண்டளவில் மாமல்லபுரத்துக்குச் சென்று, அங்குள்ள கோயில்களையும் சிற்பங்களையும் பற்றித் தெலுங்கில் ஒரு விவரணை எழுதினார். மாமல்லபுரம் பற்றி அதுவரை வந்த பல கட்டுரைகளை மார்க் வில்லியம் கார் என்பவர் திரட்டி 1869இல் சென்னையில் நூலாக வெளியிட்டபோது, அதில் இலட்சுமய்யாவின் விவரணையும் சேர்க்கப்பட்டது. பல்லவர் வரலாறு கல்வெட்டுகளால் துலங்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே எழுதப்பட்டது என்பதால் இதில் இன்றைய வரலாற்று முடிவுகளைத் தேட வேண்டியதில்லை. 200 ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது, உள்ளூரார் எதை எப்படிச் சொன்னார்கள் என்பதற்காகப் படிக்க வேண்டியது அது.

கல்கத்தாவும் அதன் பின்னும்

மெக்கன்சி 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக நியமிக்கப்பட்டு, 1817இல் கல்கத்தா சென்றார். உதவியாளர்கள் சிலரும் சுவடிகளும் உடன் சென்றன. திரட்டியவற்றை ஒழுங்குபடுத்தி விவரப் பட்டியல் ஒன்று தயாரிப்பது அவருடைய எண்ணம். அது நிறைவேறாமலே 1821 மே 8ஆம் நாள் காலமானார். அவருடைய மனைவியிடமிருந்து கும்பினி அரசு தொகுப்பை ஒரு இலட்சம் ரூபாய்க்கு வாங்கியது. ஹொரேஸ் ஹேமன் வில்சன் தயாரித்த பட்டியல் 1828இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதன்படி நூல்கள் 1,568, கல்வெட்டுப் படிகள் 8,076, நாணயங்கள் 6,218, ஓவியங்கள் 2,630. இவற்றோடு ஊர் வரலாறுகள் 2,070, மொழிபெயர்ப்புகள் 2,159.

வில்சன் வடமொழியில் பேரறிஞர். ஆனால் தமிழோ தெலுங்கோ கன்னடமோ அறியாதவர். தென்னிந்திய மொழிச் சுவடிகளைப் பற்றி அவர் எழுதியவை மெக்கன்சியின் உதவியாளர்கள் செய்த மொழிபெயர்ப்புகளையும் சுருக்கங்களையும் சார்ந்தவை. அந்த உதவியாளர்களின் வேலை மெக்கன்சியின் மறைவோடு முடிவுக்கு வந்தது.

இதே காலத்தில் இளையவர் இராமசாமி கல்கத்தாவில் ஆங்கில நூல்களை வெளியிட்டார். தக்காணத்து ஊர்கள் பற்றிய நூல் 1828இலும், தென்னாட்டுப் புலவர்களின் வரலாறு கூறும் நூல் 1829இலும் வந்தன. இரண்டாவது நூலில் அண்ணன் போரய்யாவின் வாழ்க்கையையும் எழுதிச் சேர்த்தார். போரய்யாவைப் பற்றி இன்று கிடைக்கும் செய்திகளில் பெரும்பகுதி அதில் உள்ளதே. புலவர் வரிசையில் தமையனுக்கும் இடம் கொடுத்தது பாசத்தால்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் எழுதியிராவிட்டால் வேறு யாரும் எழுதியிருக்கப் போவதில்லை.

மறுக்கப்பட்ட விண்ணப்பம்

இலட்சுமய்யா சென்னையில் 1830களில் இந்து இலக்கியச் சங்கம் என்ற அமைப்பின் தலைவராக இருந்தார். மெக்கன்சி தொடங்கிய தேடலில் இன்னும் பார்க்காத ஊர்கள் பல உள்ளன, பழைய உதவியாளர்களைக் கொண்டு அதை முடிக்கலாம் என்பது அவருடைய திட்டம். இலண்டனில் ஜான்ஸ்டன் அவருக்கு ஆதரவாகப் பேசினார். திட்டம் அரசின் வழியாக 1836இல் வங்காள ஆசியக் கழகத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டது.

கழகத்தின் செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப். அவருடைய பதிலின் சாரம் இதுதான்: துணையாளராக இலட்சுமய்யா பயன்படுவார், ஆனால் இவ்வளவு பெரிய பணியை நடத்தும் தகுதி அவருக்கு இல்லை. சிதறிய செய்திகளிலிருந்து பொதுக் கருத்தை வடிக்கப் பழகிய, கல்வெட்டுக்கும் கதைக்கும் உரிய மதிப்பை எடைபோடக்கூடிய தலைமை தேவை. அதற்குச் சென்னையில் இருந்த பாதிரியார் வில்லியம் டெய்லரைப் பயன்படுத்தலாம் என்றும் கழகம் பரிந்துரைத்தது.

பிரின்செப்பைச் சிறிய மனிதர் என்று தள்ளிவிட முடியாது. அடுத்த ஆண்டே அசோகரின் பிராமி எழுத்துகளைப் படித்துக் காட்டியவர் அவர். அந்த வேலையிலும் கமலாகாந்தர் என்ற பண்டிதரின் மொழியறிவு அவருக்குத் துணை நின்றது. திரட்டுவதும் படிப்பதும் உதவியாளரின் வேலை, முடிவு கூறுவது மட்டுமே அறிஞரின் வேலை என்ற பிரிவினை அக்காலத்தில் யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை. தென்னிந்திய மொழி ஒன்றும் அறியாத மெக்கன்சி 20 ஆண்டுகளுக்கு மேல் இப்பணிக்குத் தலைமை தாங்க முடிந்தது. நான்கைந்து மொழிகளோடு அந்த 20 ஆண்டுகளில் பெரும்பகுதியும் களத்தை நடத்தியவருக்குத் தலைமைத் தகுதி இல்லையாயிற்று.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இலட்சுமய்யா தாம் திரட்டியவற்றைக் கொண்டு கோவையான வரலாற்று நூல் எதையும் வெளியிடவில்லை. குழுவினரின் மொழிபெயர்ப்புகளில் சுருக்கமும் விடுபாடும் மிகுதி. ஆனால் டெய்லரின் நிலை என்ன? அவர் செல்லரித்த சுவடிகளைப் புதிய தாளில் படியெடுக்கச் செய்தார். 1838 முதல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் அறிக்கைகள் எழுதினார். பிற்காலத்தில் மூன்று தொகுதிகளில் பட்டியல் ஒன்றும் வெளியிட்டார். அவர் காத்த சுவடிகளுக்காக நன்றி கூறலாம். அவர் அவற்றிலிருந்து வடித்த பொதுக் கருத்துகளை இன்று ஆராய்ச்சியாளர் எவரும் எடுத்தாள்வதில்லை. கைபீதுகளை எடுத்தாள்கிறார்கள்.

இன்றைய மதிப்பீடு

நிக்கலஸ் டர்க்ஸ் போன்றோர் இத்தொகுப்பைக் காலனி ஆட்சி தனக்கு வேண்டிய அறிவைத் திரட்டிய கதையாகப் பார்த்தனர். பிலிப் வாகனர் வேறு கோணத்தை முன்வைத்தார். கல்வெட்டை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் முறை ஐரோப்பியரிடமிருந்து மட்டும் வந்தது அன்று, நியோகி எழுத்தர்களின் ஆவணப் பயிற்சியும் அதன் உருவாக்கத்தில் பங்கு பெற்றது என்பது அவர் கருத்து. ரமா சுந்தரி மந்தேனாவின் ஆய்வு காவலி சகோதரர்களையே நடுவில் வைத்து எழுதப்பட்டது. இவற்றுள் பிந்தைய இரண்டும் சான்றுகளுக்கு நெருக்கமாக இருப்பதாகத் தோன்றுகிறது.

தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் 1816இல் சென்னையில் மெக்கன்சியை வரைந்த ஓவியம் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. சிவப்புச் சட்டையில் மெக்கன்சி, பின்னணியில் தொலைவில் ஒரு பெரிய சமணச் சிலை, உடன் மூன்று இந்தியர்கள். ஓலைச்சுவடியை வைத்திருப்பவர் தருமய்யா, தொலைநோக்கியை வைத்திருப்பவர் அளவைப் பணியாளர் கிருஷ்ணாஜி, மற்றவர் இலட்சுமய்யா என்று கருதப்படுகிறது.

தொகுப்பின் ஒரு பகுதி இலண்டனிலும், தென்னிந்திய மொழிச் சுவடிகளில் பெரும்பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் உள்ளன. கொங்கு நாட்டு வரலாறு எழுதுவோர் பயன்படுத்தும் ‘கொங்குதேச ராஜாக்கள்’ இத்தொகுப்பில் கிடைத்ததே. தமிழ், மலையாளச் சுவடிகளின் சுருக்கத்தைத் தி. வை. மகாலிங்கம் தொகுக்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்டது. தம் ஊரின் அல்லது பாளையத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க விரும்புவோர் அந்தத் தொகுதியிலிருந்து தொடங்கலாம். தெலுங்குக் கைபீதுகளில் கடப்பைப் பகுதிக்குரியவை மாவட்ட வாரியாகத் தொகுதி தொகுதியாக அச்சாகியுள்ளன. தமிழ்ச் சுவடிகளில் பல இன்னும் கையெழுத்தாகவே இருக்கின்றன.